வெள்ளை மீன் பிடித்த அக்கா

அக்கா ஒருநாளும் காரணம் சொன்னதில்லை. பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஏன் எழுதினாய் என்று அவர் கேட்கமாட்டார், ஆனாலும் வேண்டாம். தொழிற்சாலையில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். போர்த்துக்கீசப் பெண்கள்கூட அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் முகக்கிரீம் போத்தல்களுக்கு மூடி திருகிப் பெட்டியில் அடுக்கும் வேலை எங்களுக்கு. பிந்தி வருகிறவர்களைச் சுப்பவைசர் கதவடியில் நின்று பிடிப்பான். எங்கள் ஆட்களிடம் அதற்குக் காரணங்கள் தயாராக இருக்கும். பஸ் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், வாசலெல்லாம் ஸ்னோ. ஒருத்தி தன் மாமியாரை இரண்டு வருடத்தில் மூன்று தடவை சாகடித்தாள். அக்கா ஒருநாள் நாற்பது நிமிடம் பிந்தி வந்தார். ஏன் பிந்தினாய் என்று அவன் கேட்க, "ஐ ஆம் லேற்" என்றார். அது தெரிகிறது, ஏன் என்று சொல் என்றான். "யெஸ், லேற்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றுகொண்டார். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

பிறகு ஒரு பிலிப்பினோப் பெண் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கு பஸ்ஸில் ஒரு கிழவி மயங்கி விழுந்திருக்கிறாள். அம்புலன்ஸ் வரும்வரை அவளுடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தவர் அக்கா. இதைச் சொல்லியிருந்தால் கடிதம் வந்திருக்காதே, ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன்.

"உது உப்பிடித்தான்," என்றார்.

அவரிடம் இருந்த ஒரே விளக்கம் அது. எதைக் கேட்டாலும் அதுதான். பொட்டு வைப்பதில்லை. விதவை என்று ஒரு கூட்டம் சொன்னது. புருஷன் ஜெர்மனியில் வேறு ஒருத்தியோடு இருக்கிறான் என்று இன்னொரு கூட்டம் சொன்னது. வேதத்துக்கு மாறிக் கிறிஸ்தவராகிவிட்டார் என்று மூன்றாவது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா. ஒருத்தி துணிந்து நேரே கேட்டாள், ஏன் அக்கா பொட்டு வைக்கிறதில்லை என்று. "நான் வைக்கிறேல்லை," என்றார் அக்கா. மூன்று கூட்டமும் தாங்கள் சொன்னதுதான் சரி என்று எழும்பிப் போனார்கள்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. ஒரு நாள் ஊரிலிருந்து தம்பியைப் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டே வேலைக்கு வந்துவிட்டேன். பத்து மணியளவில் தாங்க முடியாமல் கழிப்பறைக்குள் போய் இருந்துவிட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தால், என் இடத்தில் பெட்டிகள் குவிந்திருக்கவில்லை. அக்கா இரண்டு பேருடைய வேலையையும் செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அரை அடி தள்ளி நின்றார், அவ்வளவுதான். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அடுத்தநாளும் கேட்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கேட்டுக் கேட்டே என்னைத் திரும்பவும் அழவைத்தார்கள். காரணம் சொல்லாத மனுசி காரணம் கேட்கவும் மாட்டா என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அப்படித்தான் நாங்கள் சிம்கோ ஏரிக்குப் போகத் தொடங்கினோம். சீசன் திறக்கும் மே மாதத்துச் சனிக்கிழமைகளில் விடிய ஐந்து மணிக்கு அவருடைய கட்டடத்து வாசலில் நிற்பேன். வோபர்னில் பதினாலு மாடிக் கட்டடம் அது, பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். அக்கா ஒரு கையில் வாளி, மறு கையில் இரண்டு கட்டைத் தூண்டில்கள், மகளுடைய பழைய ஸ்னோ ஜக்கெற்றோடு வருவார். ஏரியின் தென்கரையில் ஒரு வெள்ளைக்காரனிடம் சின்ன அலுமினியப் போட் ஒன்றை வாடகைக்கு எடுப்போம். இரண்டு தமிழ்ப் பெண்கள் மோட்டரை இழுத்து ஸ்ரார்ட் பண்ணுவதை முதல் வருடம் அவன் கரையில் நின்று பார்த்தான். இரண்டாம் வருடம் பார்க்கவில்லை.

என்னுடைய கணவருக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. "உமக்கென்ன விசரே?" என்றார். "மீன் தின்னலாம், வாங்கலாம். நாங்கள் பிடிக்கப்படாது. கண்டறியாத மீன்பிடி." எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், கடற்கரைப் பக்கமோ என்று அக்காவைப் பற்றித் துருவினார். எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன் என்றேன். சொல்லும்போது எனக்கே என்னில் ஒரு மதிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து ஒரு மனுசியோடு இப்படிப் பழகியும், அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பது லேசான காரியம் இல்லை. அன்றைக்குப் பின்னேரம் நான் கொண்டுவந்த மீனை, அந்த மனுசன் முள் மட்டும் மிச்சம் விட்டுச் சாப்பிட்டார்.

மீன் இரண்டு வகை. ஒன்று வெள்ளை மீன், வைற்பிஷ் என்பார்கள். மற்றது சட்டப் புத்தகத்தில் வோல்ஐ. ஏரிக்கரையில் எல்லோரும் பிக்கரல் என்பார்கள். குழம்புக்குப் பிக்கரல்தான், சதை உடையாது. வெள்ளை மீன் கொழுப்பு மீன், சொதிக்கு நல்லது. பிக்கரலின் கண் கண்ணாடி போலப் பளபளவென்று இருக்கும், முதுகு முள் கையைக் கிழிக்கும், கொத்தினால் "டொக்" என்று தூண்டில் தடி வரை தெரியும். அதை யாரும் பிடிக்கலாம். வெள்ளை மீன் அப்படி இல்லை.

அதற்குச் சின்ன ஜிக்தான் போடவேண்டும். ஜிக் என்றால் பெரிய சாமான் இல்லை. பட்டாணிக்கடலை அளவு ஈயத் தலை, அதிலே ஒரு கொக்கி, கொக்கிக்கு வெள்ளை வால். அதைச் சேற்றில் போய்க் குந்தும்வரை இறக்கி, ஒரு சாண் தூக்கி, விட்டுவிட வேண்டும். அது விழுகிற இடத்தில் சேறு கொஞ்சம் புகையும். மீன் அதைப் பார்த்துத்தான் வரும். வந்தாலும் இழுக்காது. நூல் கொஞ்சம் தளரும். அவ்வளவுதான் அடையாளம். நான் முதல் வருடம் முழுக்க, நூல் தளர்ந்த உடனேயே வெடுக்கென்று இழுத்து இழுத்து ஒன்றையும் ஏற்றவில்லை. அதன் வாய் மெல்லிய கடதாசி மாதிரி, கிழிந்துவிடும். அக்கா எனக்கு இதையெல்லாம் சொல்லித்தரவில்லை. அவர் தூக்குவதைப் பார்த்துப் பார்த்து நானாகப் பிடித்துக்கொண்டேன். நடுக்கும் குளிர், கைவிரல் மரத்துவிடும், மூன்று மணித்தியாலத்தில் பத்து வார்த்தை பேசமாட்டார். இருந்தாலும் கிழமை முழுக்க நான் அந்த மூன்று மணித்தியாலத்துக்காகத்தான் மூடி திருகினேன்.

ஒருமுறை பக்கத்துப் போட்டில் இருந்த ஒருவன், நாங்கள் அளவு குறைந்த பிக்கரலைத் திரும்பத் தண்ணீரில் விடுவதைக் கண்டு, நல்ல வேலை என்று பெருவிரலைக் காட்டினான். எங்கே பழகினீர்கள் என்று கேட்டான். அக்கா தலையை ஆட்டிவிட்டுத் தூண்டிலைப் பார்த்தார். எங்கே பழகினார் என்று எனக்குச் சொன்னது அவருடைய மகள். கனடாவுக்கு வந்த புதிதில் இவர்களை வடக்கே ஒரு சிறிய ஊரில் ஒரு தேவாலயத்துக்காரர் பொறுப்பெடுத்து வைத்திருந்திருக்கிறார்கள். அங்கே பக்கத்து வீட்டு ஃபின்லாந்துக் கிழவி ஒருத்தி, ஆங்கிலமும் சரியாக வராது, இவரைப் போட்டில் ஏற்றிக்கொண்டு போய்ப் பழக்கியிருக்கிறாள். இதை அம்மா ஒருவருக்கும் சொல்வதில்லையா என்று கேட்டேன். "அம்மா அப்பிடித்தான் அன்ரி. ஷீ நெவர் எக்ஸ்பிளெய்ன்ஸ். எனக்கும் சொல்லமாட்டா," என்று சிரித்தாள் மகள்.

அந்தக் கட்டடத்து லிஃப்டில் வாளியோடு ஏறும்போதுதான் பிரச்சினை தொடங்கியது. வாளிக்கு மேலால் வால் நீட்டிக்கொண்டிருக்கும். சந்தைக்குப் போய் வருகிற எங்கள் பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். அக்கா மீனைப் பல்கனியில் வைத்துத்தான் வெட்டுவார். ஒருநாள் செதில் பறந்து கீழ் மாடியில் காயப்போட்டிருந்த கட்டில் விரிப்பில் ஒட்டிவிட்டது. அந்த வீட்டுக்காரி மேலே வந்து கத்தினாள். அக்கா ஒன்றும் பேசாமல் விரிப்பை வாங்கி, தோய்த்து, மடித்து, அடுத்தநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் சொன்னாரா தெரியாது. அந்த வீட்டுக்காரி விரிப்பை மறந்துவிட்டாள். வெட்டிய கையை மறக்கவில்லை. "என்ன மாதிரி வெட்டுறா எண்டு பாத்தனீரே? மீன் குஞ்சுக்கு நீந்தப் பழக்கோணுமே?" என்று தமிழ்க் கடையில் சாமான் வாங்கும்போது என் காது கேட்கவே சொன்னாள். நான் தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோல நின்றேன்.

எங்கள் ஆட்கள் தமிழ்க் கடையில் கருவாடு, திருக்கை, சுறா, நண்டு என்று அள்ளிக்கொண்டு போகிறவர்கள். மீன் இல்லாத நாளில் சோறு இறங்காது. அந்த மீனை யார் பிடித்தார்கள் என்பதில் மட்டும் ஒரு பெரிய கணக்கு. பிளேன் ஏறி, குளிரில் விறைத்து, வீடு வளவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இதை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் இதைப் பற்றி நிறையப் பேசுவேன், அதுவும் கணவரோடு. பேச எனக்கு நன்றாக வரும்.

மூன்றாவது வசந்தம் வருவதற்கு முன், அக்காவின் மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சு என்றால் பெரியவர்கள் தொடங்கியது இல்லை. பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த பெடியன், மூன்று வருடப் பழக்கம். அவள் அவனைத்தான் செய்வேன் என்று இருந்தாள். பெடியன் வீட்டார் விட்பியில் புதிதாக வீடு வாங்கிக் குடிபோனவர்கள். பிள்ளையைப் பிடித்திருந்தது, படிப்பைப் பிடித்திருந்தது. ஆனால் யாரோ அவர்களுக்கு வாளியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு ரெலிபோன் வந்தது. பெடியனுடைய பெரியம்மா. குரலில் தேன். என்னுடைய பெயரை யாரோ கொடுத்ததாகவும், நான் அக்காவோடு நல்ல வாரப்பாடு என்று கேள்விப்பட்டதாகவும் சொன்னார். சுகம் விசாரித்தார், என்னுடைய ஊரை விசாரித்தார், எங்கள் ஊர்க் கோயிலை விசாரித்தார், என்னுடைய பெரியப்பா ஒருவரைத் தெரியும் என்று கண்டுபிடித்தார். நான் யார் என்று சரிபார்த்து முடிந்த பிறகுதான் அக்காவிடம் வந்தார். அந்த மனுசியிடம் நேரே கேட்டும் ஒன்றும் சொல்லுகிறார் இல்லை, சிரிக்கிறார், பிள்ளையைப் பாருங்கள் என்கிறார், அதனால்தான் என்று இழுத்தார்.

"மீன் பிடிக்கப் போறவவாம். அதுதான் பிள்ளை, எங்களுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. வேறை ஆக்களோ?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பதற்றம். அக்காவின் மகளுடைய வாழ்க்கை என் வாயில் தொங்குகிறது என்று நினைத்தேன். "ஐயோ மாமி, அப்பிடி ஒண்டும் இல்லை. அவை நல்ல ஆக்கள். அக்கான்ர தகப்பன் தலைமை வாத்தியார்," என்று சொல்லிவிட்டேன். மீன்பிடி சும்மா பொழுதுபோக்கு, வெள்ளைக்காரரோடு பழகினது என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. எங்கள் ஆட்களிடையே நல்ல ஆக்கள் என்றால் குணத்தைச் சொல்வது இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாத்தியார் எங்கிருந்து வந்தார் என்று சொல்லவேண்டும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரோ கையுறையைக் கழற்றியபோது விரலெல்லாம் வெள்ளைத் தூள். அதைப் பார்த்து அக்கா, "அப்பா வீட்டை வந்தால் கை முழுக்கச் சோக்குத்தூள்தான்," என்றார். தன்னைப் பற்றி அவர் தானாகச் சொன்ன ஒரே வாக்கியம். நான் அதை வைத்து ஒரு பள்ளிக்கூடம் கட்டிவிட்டேன். தலைமை என்பது நான் அந்தக் கணத்தில் சேர்த்தது.

ரெலிபோனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். பெரிய உபகாரம் செய்த களைப்பு. கணவரிடமும் சொன்னேன். நல்ல காரியம், ஒரு பிள்ளையின் வாழ்க்கை என்றார். ஒரு கிழமைக்குள் விட்பிக்காரர் ஓம் என்று சொல்லிவிட்டார்கள். மகள் ஒரு கேக்கோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுக்கு ரெலிபோன் விஷயம் தெரியாது.

சீசன் திறந்த சனிக்கிழமை வழமைபோலப் போனோம். போட்டை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினோம். தண்ணீருக்கு மேல் மெல்லிய பனிப்புகார். இரண்டு ஜிக்கும் இறங்கின. அக்கா ஒரு வெள்ளை மீனை ஏற்றினார், வாளிக்குள் விட்டார், கையைத் துடைத்தார். பிறகு நூலைத் திரும்ப இறக்காமல் தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டார். அப்படி அவர் செய்து நான் கண்டதில்லை.

"அப்பா தலைமை வாத்தியார் எண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

நிச்சயப் பேச்சில் விட்பிப் பெரியம்மா எல்லோருக்கும் முன்னால் வைத்து, உங்கள் அப்பா தலைமை வாத்தியாராமே, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் இவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் தடுமாறி, சோக்குத்தூள் என்று நீங்கள் ஒருநாள் சொன்னீர்களே என்றேன்.

"சோக்கு வாத்தியார் மட்டுமே பாவிக்கிறது? தையல்காரனும் வச்சிருப்பான். மீன் ஏலம் போடுறவனும் பலகையிலை சோக்காலைதான் எழுதுவான்."

பிழை என்றால் சொல்லுங்கள் அக்கா, நான் அவர்களிடம் திருத்திச் சொல்கிறேன் என்றேன். அவர் அதைக் கேட்காதவர் மாதிரிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் அவரிடம் அதுவரை கேட்டிராத அளவுக்குப் பேசினார்.

"நான் பிழையெண்டும் சொல்லேல்லை, சரியெண்டும் சொல்லேல்லை. அவை என்னட்டை நாலுதரம் கேட்டவை. நான் சொல்லேல்லை. அது வேணுமெண்டு செய்தது. பிள்ளையும் நானும் கதைச்சுத்தான் செய்தனாங்கள். பெடியன் வீட்டிலை நிண்டு சண்டை பிடிச்சுக்கொண்டிருந்தவன், ஆராயிருந்தாலும் அவளைத்தான் செய்வன் எண்டு. தாய் பாதி இறங்கி வந்திட்டா. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தால் அவை ஒண்டும் தெரியாமலே ஓம் எண்டிருப்பினம். அதைத்தான் நாங்கள் பாத்துக்கொண்டிருந்தது. நீர் சொல்லிப்போட்டீர்."

இப்போதும் ஓம் என்றுதானே சொன்னார்கள் அக்கா, கல்யாணம் நடக்கத்தானே போகிறது என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"நடக்கும். இனி அவள் அந்த வீட்டிலை சாகுமட்டும் நல்ல ஆக்களின்ர பிள்ளையா இருக்கோணும். நாளைக்கு ஆரும் ஊரிலையிருந்து வந்து வேறை கதை சொன்னால் அவள்தான் நடுங்கோணும். அவளுக்கு ஒருத்தருக்கும் நடுங்காத வாழ்க்கை ஒண்டு கிடைக்க இருந்தது."

ஏன் உண்மையை அவர்களிடமே சொல்லக்கூடாது என்று கேட்க வாய் வந்தது. சொன்னால் எப்படிச் சொல்வது? நாங்கள் நீங்கள் நினைக்கிற ஆக்கள் இல்லை என்று சொன்னால் பெண்ணின் கல்யாணம் நிற்கும். அப்படியில்லை என்றால், வாத்தியார் இல்லை, ஆனாலும் நல்ல ஆக்கள்தான் என்று சொல்லவேண்டும். அது அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லமாட்டேன் என்று வைத்திருந்த சொல். நான் அவருக்கு இரண்டு வழியையும் அடைத்துவிட்டிருந்தேன். என்னுடைய நூல் தளர்ந்து கிடந்தது. மீன் கொத்தியதா என்னவோ, நான் தூக்கவில்லை.

அக்கா மோட்டர் கயிற்றைப் பிடித்தார். இழுக்க முன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் என்று சொல்லமுடியாது. பஸ் நம்பரை விசாரிப்பவர் மாதிரிக் கேட்டார்.

"வேறை ஆக்கள் எண்டு தெரிஞ்சிருந்தால் என்னோடை இந்தப் போட்டிலை ஏறியிருப்பீரோ?"

"என்ன அக்கா இப்பிடிக் கேக்கிறியள்," என்றேன்.

அவர் கயிற்றை இழுத்தார். கரையில் மீனைப் பங்கு பிரித்து என்னுடைய பையில் பெரியதை வைத்தார். வரும் வழியில் ஒருமுறை மட்டும், லைற் பச்சையாகிவிட்டது என்றார்.

அதற்குப் பிறகு என்னுடைய காரில் ஏரிக்கு வரவில்லை. தொழிற்சாலையில் எப்போதும் போலத்தான். என் பக்கத்தில் நின்றுதான் மூடி திருகினார். நான் தும்மினால் ரிசு எடுத்து நீட்டினார். அடுத்த சனிக்கிழமைகளில் ஒரு போர்த்துக்கீசப் பெண்ணின் காரில் போனார் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உது உப்பிடித்தான் என்றிருப்பார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எங்களுக்கு முதல் கார்ட்டுகளில் ஒன்று வந்தது. மண்டபத்தில் விட்பிப் பெரியம்மா என்னைத் தேடிப்பிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பிள்ளைதான் எங்களுக்குச் சொன்னது," என்று தன் தங்கைமாருக்கு அறிமுகம் செய்தார். மாப்பிள்ளையின் தாய் வந்து, சம்பந்தி வாயே திறக்காததைப் பற்றிச் சொன்னார்: நல்ல ஆக்களுக்கு அந்தப் பெருமை இருக்கும்தானே, தாங்களாகச் சொல்லமாட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். அக்கா மணவறைக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையோடு, பொட்டில்லாமல் நின்று, வந்தவர்களுக்கு ஒவ்வொருவராகத் தலையசைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அதே தலையசைப்புத்தான். மகள் என்னைக் கண்டு சிரித்தாள். தாய் அவளுக்குச் சொல்லியிருக்கிறாரா இல்லையா என்று அந்தச் சிரிப்பில் எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருடம் அக்கா தொழிற்சாலையை விட்டு நின்றுவிட்டார். மகளோடு விட்பிக்குப் போனார் என்றார்கள், வடக்கே திரும்பிவிட்டார் என்றும் சொன்னார்கள்.

அந்தப் போட்டில் அவர் கேட்டதற்கு மறுமொழி எனக்கு அன்றைக்கே தெரியும். அக்கா என்னிடம் காரைக் கேட்டது ஒரு தடவைதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், என் கணவரும்கூட. அது இரண்டாவது தடவை. முதல் தடவை, நாங்கள் ஏரிக்குப் போகத் தொடங்குமுன் ஒரு மார்ச் மாதம், வேலை முடிந்து கோட் போடும்போது கேட்டார். பிரேக் சரியில்லை அக்கா, பாப்பம் என்றேன். பிரேக்குக்கு ஒரு குறையும் இல்லை. சோக்குத்தூள் கதை வந்தது அதற்கு இரண்டு கிழமை கழித்து. அந்தக் கிழமை முடியமுதல் நானாகவே அவரிடம் போய், பிரேக் திருத்தியாச்சு அக்கா, இன்னொருக்கால் கேளுங்கோவன் என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். அவர் கேட்டார். ஓம் என்றேன்.